கடன்பட்ட நாட்டின் படைச் செலவு: வலிகாமம் வடக்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரி 13ஆம் திகதி, அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித பண்டார தென்னகோன் ஓர் அறிவித்தலை வெளியிட்டார். இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி அப்போது 200,783. அதை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக அதில் இருந்தது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று நாடு சொல்லி அப்போது ஒன்பது மாதம். போர் முடிந்து பதின்மூன்றரை ஆண்டு.

கொழும்பில் அதைப் படித்தவர்கள் எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் எழுந்த கேள்வி வேறு. எந்த முகாமிலிருந்து ஆட்களை எடுக்கப்போகிறார்கள், படை பிடித்து வைத்திருக்கும் எங்கள் காணி எப்போது வரும்? இந்த இரண்டு கேள்விகளும் தனித்தனியே பேசப்பட்டு வருவதால்தான் படைச் செலவு பற்றிய விவாதம் ஓர் அங்குலமும் நகரவில்லை என்பது என் கருத்து. படைக்குப் போவது காசு மட்டும் அல்ல. காணியும் போகிறது, இளம் ஆட்களின் வேலை செய்யும் வயதும் போகிறது. மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

இரண்டு சதவீதம் என்னும் மயக்கம்

பாதுகாப்புச் செலவுக்காக வாதாடுபவர்கள் எடுத்த எடுப்பில் காட்டுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதன் பங்கை. கொழும்பிலுள்ள வெரிட்டே ரிசேர்ச் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி பாதுகாப்புத் துறையின் மொத்தச் செலவு 2021இல் 2.31 சதவீதம், 2022இல் 2.03 சதவீதம். நேட்டோ நாடுகள் தமக்குப் பல காலம் வைத்திருந்த இலக்கும் 2 சதவீதம்தான். அப்படிப் பார்த்தால் இலங்கை மிதமாகத்தான் செலவழிக்கிறது என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் சிப்பாய்க்குச் சம்பளம் திறைசேரிக்கு வந்து சேரும் வருமானத்திலிருந்துதான் கொடுக்கப்படுகிறது. 2022இல் அரசின் மொத்த வருமானம் உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டிய கூத்துக்கு அதில் பெரும் பங்குண்டு. எட்டில் இரண்டு என்றால் நாலில் ஒன்று. அதே ஆண்டில் வட்டிக்கு மட்டும் வருமானத்தின் 70 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. வட்டியும் பாதுகாப்பும் சேர்ந்தபோதே கையில் வந்த காசு ஏறத்தாழத் தீர்ந்தது. வைத்தியசாலைக்கு மருந்து, ஆசிரியருக்குச் சம்பளம், பசளை எல்லாம் புதுக் கடனிலோ அச்சடித்த தாளிலோதான் ஓடின.

நாடு வங்குரோத்தான பிறகு வந்த முதல் முழு ஆண்டு வரவு செலவுத் திட்டம், 2023க்கானது. அதிலே பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு ஆகிய இரு அமைச்சுகளுக்கும் சேர்த்து 539 பில்லியன் ரூபா. சுகாதாரத்துக்கு 322 பில்லியன், கல்விக்கு 232 பில்லியன். அதற்குச் சில மாதம் முன்புதான், 2022 ஓகஸ்டில், ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. வடமராட்சியில் சிறு படகு ஓட்டுபவருக்கும் புன்னாலைக்கட்டுவனில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பவருக்கும் அந்த 340 ரூபாதான் அந்த ஆண்டின் பொருளாதாரக் கொள்கை. மானியத்துக்குக் காசு இல்லை என்றது திறைசேரி. காசு இல்லாமல் போனதற்கு ஒரு வருடம் முன்பு, 2021இல், பழைய கிபிர் போர் விமானங்களைப் புதுப்பிக்க இஸ்ரேலிய நிறுவனத்தோடு ஏறக்குறைய 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. வானில் எந்த எதிரியை எதிர்பார்த்து என்று நாடாளுமன்றத்தில் உரத்துக் கேட்டவர்கள் அதிகம் இல்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன். அதே ஆண்டின் மதிப்பிடப்பட்ட வருமானம் 4,990 பில்லியன். பொலிஸை விட்டுப் பார்த்தால் வருமானத்தில் 9 சதவீதம்தான். நாலில் ஒன்று பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியதைச் சீர்திருத்தத்தின் வெற்றி என்று சிலர் எழுதினார்கள். பாதுகாப்பு அமைச்சுக்கு 2023இல் ஒதுக்கப்பட்டது 410 பில்லியன். எனவே படைச் செலவு ரூபாக் கணக்கில் குறையவில்லை, கூடியிருக்கிறது. வருமானம்தான் பெருத்தது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். திருநெல்வேலிச் சந்தியில் பற்பசை வாங்குபவரும் கொட்டடியில் சவர்க்காரம் வாங்குபவரும் கொடுத்த வரியில் பங்கு சிறுத்துத் தெரிகிறது. இது சிக்கனம் அல்ல.

சர்வதேச நாணய நிதியம் இதைத் திருத்தும் என்று நம்பியவர்களும் உண்டு. 2023 மார்ச் 20ஆம் திகதி ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் கடனுக்கு அது ஒப்புதல் கொடுத்தபோது, சமூகநலச் செலவு ஒரு மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது என்று நிபந்தனை வைத்தது. படைச் செலவு ஒரு மட்டத்துக்கு மேலே போகக்கூடாது என்று வைக்கவில்லை. ஒரு நாட்டின் படை எவ்வளவு என்பதில் கடன் கொடுப்பவர்கள் தலையிட விரும்புவதில்லை. ஆக, அந்த முடிவு கடைசியில் நம் வாக்காளர்களுடையதுதான்.

222ஆம் தலைப்பு

படைச் செலவு என்றதும் மனக்கண்ணில் வருவது பீரங்கியும் கப்பலும். அரசின் வருடாந்த மதிப்பீட்டு நூலை விரித்தால் வேறு காட்சி. பாதுகாப்பு அமைச்சுக்கு 103ஆம் தலைப்பு, இராணுவத்துக்கு 222, கடற்படைக்கு 223, விமானப்படைக்கு 224. ஒவ்வொரு தலைப்பின் கீழும் செலவுகள் குறியீட்டு எண்களோடு வரிசையாக வரும். 1001 சம்பளமும் கூலியும். 1202 எரிபொருள். 1203 உணவும் சீருடையும். இராணுவத் தலைப்பில் விரலை வைத்துக்கொண்டு கீழே இறங்கினால் பெரிய தொகைகள் சம்பளத்திலும் கொடுப்பனவிலும் சாப்பாட்டிலும்தான் நிற்கின்றன.

2025இன் 442 பில்லியனில் மீண்டெழும் செலவு, அதாவது ஆண்டுதோறும் திரும்ப வரும் செலவு, 382 பில்லியன். கருவியும் கட்டடமும் போன்றவற்றுக்கான மூலதனச் செலவு 60 பில்லியன். நூறு ரூபாவில் எண்பத்தாறு ரூபா மீண்டெழும் செலவு, அதில் பெரும் பங்கு ஆட்களைச் சம்பளம் கொடுத்து, சோறு போட்டு, உடுத்தி வைத்திருக்கப் போகிறது. ஆயுதம் வாங்குவதை நிறுத்துங்கள் என்ற கோஷம் காதுக்கு இனிமையானது, ஆனால் அதில் மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை. 1980களின் தொடக்கத்தில் இலங்கை இராணுவத்தில் பன்னிரண்டாயிரம் பேருக்கு அண்மையாகத்தான் இருந்தார்கள். இன்றைய குறைப்பு இலக்கான ஒரு லட்சம்கூட பிரித்தானியாவின் முழுநேர இராணுவத்தை விடப் பெரியது.

ஆட்களைக் குறைத்தால் செலவு குறையுமா? உடனே குறையாது. சாதாரண சிப்பாய் 22 ஆண்டு சேவை முடித்தால் ஓய்வூதியம். போரின் கடைசிக் கட்டத்தில், 2006க்கும் 2009க்கும் இடையில், பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டவர்கள் 2028 முதல் 2031 வரை வரிசையாக வெளியேறும் தகுதி பெறுகிறார்கள். 2030க்கு ஒரு லட்சம் என்ற இலக்கு பெரும் துணிச்சல் என்று நினைக்க வேண்டாம், நாட்காட்டியே பாதி வேலையைச் செய்துவிடும். மீதியில் ஒரு பங்கு கடதாசியில் மட்டும் இருந்த ஆட்கள். 2024இல் விடுப்பில்லாமல் போனவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்து 15,000க்கு மேற்பட்டோரைச் சட்டப்படி விலக்கினார்கள். முகாமில் இல்லாதவரை விலக்கினால் முகாம் சிறுக்காது. ஓய்வு பெற்றவரின் காசும் மாயமாவதில்லை. 222ஆம் தலைப்பிலிருந்து 253ஆம் தலைப்பான ஓய்வூதியத் திணைக்களத்துக்கு இடம் மாறுகிறது. பாதுகாப்புச் செலவு குறைந்தது என்று அமைச்சர் பெருமை பேசலாம், திறைசேரியின் சுமை அப்படியே இருக்கும்.

நம் பக்கத்து எழுத்துகளில் பெரும்பாலும் தவறிப்போகும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அனுராதபுரத்திலும் குருநாகலிலும் பொலன்னறுவையிலும் எத்தனையோ கிராமங்களில் கல்வீடு எழும்பியது சிப்பாயின் சம்பளத்தில். விவசாயத்தில் நட்டப்பட்ட குடும்பத்துக்கு மாதம் தவறாமல் வரும் ஒரே காசு அது. இராணுவம் அங்கே வேலைவாய்ப்புத் திட்டம். வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் தமிழ் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கொடுத்த வேலைகளும் அதே வகைதான். சம்பளம் தேவைப்பட்டது, வேறு வழி இல்லை, போனார்கள். வேறு வேலைக்கு வழி செய்யாமல் படையை மட்டும் வெட்டச் சொல்லும் திட்டம் தெற்கிலும் எடுபடாது, கிளிநொச்சியிலும் எடுபடாது.

வலி வடக்கு: ஏட்டில் ஏறாத செலவு

1990 ஜூனில், போரின் நடுவே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையிலுள்ள வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலாலி விமானத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றி, ஊர் மக்கள் நுழைய முடியாத உயர் பாதுகாப்பு வலயம் விரிந்தது. சீமெந்துத் தொழிற்சாலை அந்த ஆண்டு நின்றது, நின்றதுதான். போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து, 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப்போவதாக மரங்களிலும் சுவர்களிலும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. எங்கள் கணக்கில் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு, ஆக ஒரு லட்சத்து இரண்டாயிரம் பரப்புக்கு மேல். ஆயிரத்துக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அதன் பிறகு காணி துண்டு துண்டாக வருகிறது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றிய 54 ஏக்கரும். 2023 பெப்ரவரியில் 108 ஏக்கர். 2024 மார்ச்சில் 234 ஏக்கர். 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி. ஒவ்வொரு முறையும் விழா, ரிப்பன், தொலைக்காட்சிக் கமரா. சொந்தக் காணியைத் திருப்பித் தருவதற்கு நன்றி சொல்லும் நிலை வேறு எங்கே இருக்கும் என்று தெரியவில்லை.

திரும்பி வந்த காணியின் ஓரத்தில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் விடுபட்ட தோட்டம், அதிலே முப்பது ஆண்டுப் பற்றைக்காடு, இடையில் கூரை போன வீட்டின் சுவர், கிணற்றுக்குள் ஆலங்கன்று. முள்கம்பிக்கு அப்பால் அதே செம்மண், உழுது பாத்தி கட்டியிருக்கிறது. அங்கே மரக்கறி செய்பவர்கள் அரசாங்கச் சம்பளம் வாங்கும் சிப்பாய்கள். தெல்லிப்பழையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “தம்பி, என்னுடைய கிணறு, என்னுடைய மண். தண்ணீர் இறைக்கிறவருக்குச் சம்பளமும் என்னுடைய வரியில். சந்தையில் நான் வாங்குகிற கத்தரிக்காய்க்கு மட்டும் தனியாகக் காசு.”

2022இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, நாடளாவிய ரீதியில் 1,500 ஏக்கர் தரிசு நிலத்தில் பயிர் செய்யப்போவதாக இராணுவம் ஒரு குழு அமைத்தது. நல்ல நோக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பயிர் செய்ய ஆள் மிஞ்சும் படைக்கு அந்த ஆட்கள் எதற்கு என்ற கேள்வியை அது தானே எழுப்பிவிட்டது. காங்கேசன்துறைக் கரையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதியில் கடலைப் பார்த்தபடி காலை உணவு சாப்பிடலாம். பரிமாறும் இளைஞரின் சம்பளம் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறதோ, பக்கத்துத் தெருவில் சொந்தமாக விடுதி தொடங்க நினைப்பவரால் அந்த விலைக்குப் போட்டியிட முடியாது. பாதுகாப்புச் செலவு ஊர்ப் பொருளாதாரத்தை நெரிப்பது இப்படித்தான். வரவு செலவு நூலில் இதற்குப் பதிவு எதுவும் இல்லை.

கடலில் போதாது

ஆனால் யாழ்ப்பாணத்தில் படையைப் பற்றிய குறை ஒரே திசையில் போவதில்லை. மயிலிட்டிக்குப் போய்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் உட்கார்ந்தால் எதிர்த்திசைப் புகார் கேட்கும்: கடற்படை போதிய அளவு வேலை செய்யவில்லை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் பெரும்பாலும் வாரத்தில் மூன்று இரவுகள் எல்லை தாண்டி வருகின்றன. அந்த இரவுகளில் நம்மவர்கள் பலர் வலை விடுவதில்லை. விட்டால் காலையில் வலை இருக்காது. இழுவைமடி இலங்கையில் 2017இலேயே சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது. 2024இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைது செய்யப்பட்டார்கள். பிடிபட்ட படகுகளை மயிலிட்டித் துறைமுகத்திலேயே வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த அந்தப் படகுகளுக்கு இடையில் உள்ளூர்ப் படகு ஒதுங்க இடம் தேடும் காட்சியை யார் போனாலும் பார்க்கலாம். கடலில் பிடித்த தொல்லையைக் கரையில் கொண்டுவந்து எங்களிடமே விட்டார்கள் என்பது சங்கத்தில் அலுக்காத பேச்சு.

இராமேசுவரத்துக் கூலி மீனவர் நம் எதிரி அல்ல, இந்தச் சிக்கலுக்குக் கைது மட்டும் தீர்வும் அல்ல. ஆனாலும் இந்தத் தீவுக்கு உண்மையாகவே காவல் தேவைப்படும் இடம் கடல். இழுவைப் படகு, போதைப்பொருள், எண்ணெய்க் கசிவு எல்லாம் அங்கேதான். அந்த வேலைக்கு ரோந்துப் படகு, ராடர், எரிபொருள் வேண்டும், அதாவது சிறுத்துக் கிடக்கும் மூலதனச் செலவு வேண்டும். இப்போது கடற்படையின் பெரிய கப்பல்களில் சமுதுர, கஜபாகு, விஜயபாகு ஆகியவை அமெரிக்கக் கரையோரக் காவல்படை பாவித்துக் கொடுத்தவை. டோர்னியர் கண்காணிப்பு விமானம் ஒன்றை 2022 ஓகஸ்ட் 15இல் இந்தியா கொடுத்தது. அடுத்த நாளே சீனாவின் கண்காணிப்புக் கப்பலான யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் நிற்கும் கடன்காரனின் நிலைமைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இராணுவத்தில் இரண்டு லட்சம் பேருக்கு ஆளணி இருந்தும் அந்தக் கப்பலை வரவிடுவதா வேண்டாமா என்பதில் கொழும்புக்குச் சொந்த வாய் இருக்கவில்லை. கடன் இல்லாதிருந்தால் இருந்திருக்கும்.

கடற்படையும் கரையில் காணி தேடுவது தனிக் கதை. மண்டைதீவில் கடற்படைக்காகக் காணி அளக்க வந்த நில அளவையாளர்களை மக்கள் மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

மறுபக்கத்தின் வாதம்

படை பெரிதாக இருந்தால்தான் பாதுகாப்பு என்பவர்களுக்கு 2019 ஏப்ரல் 21 தான் பதில். உயிர்த்த ஞாயிறன்று இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது நாட்டில் ஆள்பலத்துக்குக் குறைவில்லை. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது, வாசித்தவர்கள் அசையவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி, இந்த ஆய்வின் தொடக்கத்தில் சொன்ன அறிவித்தலுக்குச் சரியாக முதல் நாள், உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. முன்னாள் பாதுகாப்புச் செயலாளருக்கும் பொலிஸ் மா அதிபருக்கும்கூடத் தொகை விதித்தது. அங்கே பிழைத்தது பொறுப்பு, படையணியின் எண்ணிக்கை அல்ல.

இன்னொரு வாதம் வலுவானது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, வெள்ளத்தில் படகோடு இறங்கியவர்களும் ஹெலிகொப்டரில் தூக்கியவர்களும் முப்படையினர். அதை மறுப்பது நன்றி கெட்ட செயல். ஆனால் அந்த வேலைக்குத் தேவைப்பட்டவை ஹெலிகொப்டர், படகு, பொறியியல் பிரிவு, வைத்தியக் குழு. வலி வடக்கில் வேலி காக்கும் காவலரண் அல்ல. அனர்த்தத்தைச் சொல்லி ஆளணியைக் காப்பவர்கள் அனர்த்தக் கருவிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதையும் கூடவே சொல்லட்டும்.

ஐ.நா. அமைதிப்படையில் டொலர் கிடைக்கிறது என்பார்கள். போர்க்குற்றக் குற்றச்சாட்டுக்கு உள்ளான சவேந்திர சில்வா 2019இல் இராணுவத் தளபதியானதும், அத்தியாவசியமற்ற இலங்கை இராணுவ அனுப்பல்களை ஐ.நா. நிறுத்தியது. பொறுப்புக்கூறலைத் தட்டிக்கழித்தால் அந்த வருமானமும் தடைப்படும்.

எவ்வளவு?

என் விடை இது. மூன்று படைகளுக்கும் சேர்த்து அரச வருமானத்தில் 6 அல்லது 7 சதவீதம் என்று மேல்வரம்பு வைக்க வேண்டும். உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிடும் பழக்கத்தை விட்டு வருமானத்தோடு கட்ட வேண்டும், அப்போது வரியை வெட்டும் அரசாங்கம் படையையும் வெட்ட வேண்டி வரும். ஓய்வூதியச் சுமையையும் அதே பக்கத்தில் காட்ட வேண்டும். 2028 முதல் வெளியேறுபவர்களின் இடங்களை நிரப்பாமல் விட்டு, அதில் மிஞ்சுவதில் பாதியைக் கடல் கண்காணிப்புக்கும் அனர்த்தக் கருவிக்கும், மறு பாதியை வெளியேறுபவரின் தொழிற்பயிற்சிக்கும் கொடுக்கலாம். 2025இல் வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும நலன்புரிக்கு ஒதுக்கியது 232.5 பில்லியன், பாதுகாப்புக்கு ஒதுக்கியதில் பாதியைச் சற்றே தாண்டும். அந்த விகிதம் எந்தப் பக்கம் நகருகிறது என்பதை ஆண்டுதோறும் பார்த்தால் போதும், வேறு குறியீடு தேவையில்லை.

காணிக்கு ஒரு யோசனை உண்டு. விடுவிக்க முடியாது என்று படை சொல்லும் தனியார் காணி ஒவ்வொன்றுக்கும் சந்தை வாடகை கணித்து, அதை 222, 223, 224ஆம் தலைப்புகளில் வெளிப்படையாக எழுதி, காணி உறுதி வைத்திருப்பவருக்கு மாதாமாதம் கட்டட்டும். வெறும் பேச்சுக்குப் பரப்புக்கு மாதம் ஆயிரம் ரூபா என்று வைத்தால் ஆயிரம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 19 கோடி 20 லட்சம். 442 பில்லியனுக்கு முன்னால் அது தூசு, மறுக்கவில்லை. ஆனால் இன்று அந்தக் காணி படைக்கு இலவசம், இலவசமாக இருப்பதை எந்தத் தளபதியும் விடமாட்டார். வாடகை என்று ஒரு பதிவு நூலில் ஏறிவிட்டால், வரவு செலவுக் குழுநிலை விவாதத்தில் யாழ் மாவட்ட உறுப்பினர் காணிப் பிரச்சினையை உரிமைப் பிரச்சினையாக எழுப்பி வழக்கமான பதிலை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மாத்தறை உறுப்பினரும் எழுந்து, கத்தரித் தோட்டத்துக்கு எதற்கு இவ்வளவு வாடகை என்று கேட்பார்.